தனத்தால் நுழைய முடியாத குழாய்

வாரத்தில் ஐந்து நாள், காலை ஏழு மணிக்கு, நான் என் தாலியைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைக்கிறேன். பக்கத்தில் தோடு, கொண்டை ஊசி, வீட்டுச் சாவி, கைபேசி. தட்டை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெறும் கழுத்தோடு உள்ளே போகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் பெண் என் கழுத்தைக் காட்டி, "கெஷீடன்?" என்று மெதுவாகக் கேட்டாள். கழற்றி முடிந்ததா என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, "யா, யா" என்று சிரித்துத் தலையாட்டினேன். அந்தக் கிழமை முழுவதும் எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஒருத்தி ஆப்பிள் கேக் கொண்டுவந்து தந்தாள். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "அப்ப என்னை விவாகரத்துச் செய்துபோட்டன் எண்டு ஊருக்கே சொல்லிப்போட்டீர்" என்றார்.

கழற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலை செய்யும் கூடத்தின் மறுபக்கத்தில், செப்புத் தகடு பதித்த சுவர்களுக்குள், ஒரு காந்தம் நிற்கிறது. மனிதரைப் படுக்கவைத்து உள்ளே தள்ளி, உடம்பின் உள்ளுறுப்புகளைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. யந்திரம் அது. அந்த அறைக்குள் இரும்புத் துண்டொன்றைத் தெரியாமல் கொண்டுபோனால் கையிலிருந்து பறித்துக்கொண்டு பாயும். எங்கள் கூடத்தில் யந்திரம் செய்வதில்லை. அதற்கான 'ஸ்பூலே' செய்கிறோம். தமிழில் சுருள் என்று சொல்லலாம். காந்தத்துக்குள் படுத்திருப்பவரின் உடம்பில் உள்ள தண்ணீர் மிக மிக மெலிதான ஒரு சமிக்ஞையைத் திருப்பி அனுப்புகிறது. அதைப் பிடிப்பதற்கு உடம்புக்கு அருகே ஒரு செப்பு வளையம் வேண்டும், ரேடியோவுக்கு ஏரியல் வேண்டுவது போல. அந்த வளையங்களில் கடுகளவு மின்பாகங்களைப் பற்றவைப்பது என் வேலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு நாளைக்கு நாற்பது வளையம். செய்து முடித்ததை, மனிதருக்குப் பதிலாக உப்புத்தண்ணீர் அடைத்த பெரிய போத்தல் ஒன்றை யந்திரத்துக்குள் வைத்து, அதன் மேல் போர்த்திச் சோதிப்பார்கள்.

போர்த்தி என்று சொன்னது சரியான சொல்தான். முந்தைய சுருள்கள் ஆமை ஓடு மாதிரிக் கனமான கூடுகள். ஒரு கூட்டுக்குள் ஒரே ஒரு வளையம் இருந்த காலமும் உண்டாம். பிறகு பல சிறு வளையங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கவைத்து, விட்டுப்போனதைக் கணக்குப் போட்டு நிரப்பக் கண்டுபிடித்தார்கள். முக்கால் மணி நேரம் எடுத்த படம் கால் மணியில் முடிந்தது. இப்போது அந்த வளையங்களைத் துணிக்குள் தைத்துக் கம்பளி போலச் செய்கிறோம். அதை நோயாளியின் முதுகிலோ மார்பிலோ போட்டுச் சுற்றிவிடலாம். மடிக்கும்போது கம்பி அறாமல் இருக்க ஒரு பின்னல் முறையைக் கண்டுபிடித்தவர் எங்கள் கூடத்துப் பொறியியலாளர் ஃபிராவ் லிண்ட்னர். அறுபதை நெருங்கிய பெண்மணி. அதிகம் பேசமாட்டார். சைக்கிளில் வருவார். என் பற்றவைப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்து "ஷோன்" என்பார். அழகு என்று அர்த்தம். கொழுந்து கிள்ளும் கைகள் உள்ள குடும்பத்திலிருந்து வந்தவள் என்று நான் அவரிடம் சொன்னதில்லை.

என் தங்கை தனலெட்சுமி, எங்களுக்குத் தனம், இலங்கை மலைநாட்டில், பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். போன வருட ஆரம்பத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வட்ஸ்அப்பில் பேசும்போது, வலது கால் செருப்பு நடக்கும்போது கழன்று விழுகிறது என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒரு மாதத்தில் பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடந்தாள். இடுப்பில் பிடித்த வலி படுத்தாலும் விடவில்லை. பிறகு ஒரு நாள் அவள் புருஷன் முருகேசு என்னைத் தொலைபேசியில் தனியாகக் கூப்பிட்டான். வெலிமடையில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவன், வாய் திறக்காதவன். "அக்கா, தனம் ஒங்ககிட்ட சொல்ல வெக்கப்படுது. ஒண்ணுக்கு வர்றது அதுக்குத் தெரியலக்கா" என்றான்.

ஆஸ்பத்திரியில் முதலில் சி.டி. எடுத்தார்கள். எலும்பு தெரிந்தது. எலும்புக்கு நடுவே நரம்புக் கற்றையை எதுவோ அழுத்துகிறது என்பது நிழலாகத் தெரிந்தது. அது விலகிய தட்டா, கட்டியா, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எம்.ஆர்.ஐ. இல்லாமல் சொல்ல முடியாது, சொல்லாமல் கத்தி வைக்க முடியாது என்றார் டொக்டர். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அங்கே யாரும் எங்களுக்குத் தீங்கு செய்யவில்லை. நாள் கொடுத்தார்கள், அன்பாகப் பேசினார்கள், படுக்கவைத்தார்கள். தனம் தோள்வரை உள்ளே போனாள். இரண்டு நிமிடம் இருக்காது. கையில் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கவும் மறந்து அலறியிருக்கிறாள். வெளியே இழுத்தபோது நகங்களால் தன் கழுத்தைக் கீறி வைத்திருந்தாளாம்.

ஏன் என்று எனக்குத் தெரியும். பதினாறு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி அடைமழையில், எங்கள் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலிருந்த மலை ஒரு காலையில் இறங்கிவிட்டது. அன்று நான் பண்டாரவளைக்குப் போயிருந்தேன், ஜெர்மனி விசாவுக்குப் படம் எடுக்க. தனத்துக்குப் பத்தொன்பது வயது. தானும் வருவதாகச் சொன்னாள். முதல் நாள் காய்ச்சல் அடித்ததால், மழையில் நனையாதே, வீட்டில் இரு என்று சொன்னவள் நான்தான். அம்மா அவளுக்குக் கஞ்சி காய்ச்ச, பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, போகாமல் நின்றுவிட்டார். நான் ஸ்டூடியோவில் தலைவாரிக் கொண்டிருந்த நேரத்தில் லயத்தின் ஆறு காம்பராக்கள், ஆறு வீடுகள், மண்ணுக்குள் போயின. அடுப்படியில் இருந்த அம்மா உயிரோடு கிடைக்கவில்லை. தனம், சாய்ந்து விழுந்த சுவருக்கும் கதவுநிலைக்கும் இடையில், உடம்பு மட்டும் கிடக்கக்கூடிய ஒரு பொந்தில் முகங்குப்புறக் கிடந்தாள். பொழுது சாயும் நேரம் அவளை எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து நான் விமானம் ஏறினேன்.

அதற்குப் பிறகு தனம் கதவு சாத்திய இடத்தில் இருந்ததில்லை. மார்கழிக் குளிரிலும் அவள் வீட்டு வாசற்கதவு திறந்துதான் கிடக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் ஏறமாட்டாள். கடையில் வேலை கிடைத்தும் போகாமல் கொழுந்துக்குப் போனது மேலே வானம் தெரியும் என்பதற்காகத்தான். அப்படிப்பட்டவளைத்தான் அறுபது சென்ரிமீற்றர் அகலக் குழாய்க்குள் தள்ளினார்கள். இரண்டாம் முறை மாத்திரை கொடுத்து, அரைத் தூக்கத்தில் உள்ளே அனுப்பினார்கள். யந்திரம் தட்டத் தொடங்கியதும் விழித்துவிட்டாள். "அக்கா, ரெண்டாவது வாட்டியும் வெளிய எடுத்துட்டாங்க" என்றான் முருகேசு. முழு மயக்கம் கொடுக்க, காந்தத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய தனி மயக்க யந்திரம் வேண்டும். அது வேறு ஆஸ்பத்திரியில். மண்ணை மூச்சில் இழுத்த நாளிலிருந்து அவளுக்கு மூச்சிளைப்பும் இருந்தது. மயக்க டொக்டர் தயங்கினார். பக்கமெல்லாம் திறந்த வகை யந்திரம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தோம். இருக்கிறது என்று சொன்ன இடத்தில் இல்லை. ஒரு இடத்தில் இருந்தது, வேலை செய்யவில்லை. பணம் தடையாக இருந்திருந்தால் நான் எப்படியாவது புரட்டியிருப்பேன். குழாய்தான் தடை.

அந்த நாட்களில் நான் வளையத்தைப் பற்றவைத்துக்கொண்டே என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். ஒரு மத்தியான இடைவேளையில் துணிந்து ஃபிராவ் லிண்ட்னரிடம் போனேன். யந்திரத்தை இங்கே எல்லோரும் 'ரோரே', குழாய், என்றுதான் சொல்வார்கள். என் தங்கை குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், உள்ளே போக முடியவில்லை என்று சொல்ல நினைத்து, "மைனே ஷ்வெஸ்டர் ஷவுட் இன் டீ ரோரே" என்றேன். அவர் வருத்தமாகத் தலையாட்டி, "அப்படியா, யாருக்குக் கிடைத்தது?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை. குழாய்க்குள் பார்ப்பது என்றால் இவர்கள் பேச்சில், மற்றவர்களுக்கெல்லாம் கிடைத்தது நமக்கு மட்டும் கிடைக்காமல் வெறுங்கையோடு நிற்பதாம். தனத்துக்கு ஏதோ சொத்தோ வேலையோ கைநழுவிவிட்டது என்று நினைத்திருக்கிறார். நான் காகிதத்தில் ஒரு குழாய் வரைந்து, அதற்கு வெளியே ஒரு பெண்ணை வரைந்து, பிறகு மலையை வரைந்தேன். மலையை வரையும்போது அழுதுவிட்டேன். அவர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து இடைவேளைகளில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். காந்தச் சுருளைத் திரவ ஹீலியத்தில் மூழ்கவைத்து, நினைக்க முடியாத குளிரில் வைத்திருப்பது. அந்த ஹீலியம் ஆவியாகிப் போகப் போக முன்பு நிரப்பிக்கொண்டே இருந்தது. பிறகு ஆவியைத் திரும்பவும் திரவமாக்கக் கற்றது. இப்போது சில லீட்டர்களை நிரந்தரமாக அடைத்துவைத்தே ஓட்டுவது. குழாயின் நீளத்தைக் குறைத்தது. வாயை எழுபது சென்ரிமீற்றருக்கு அகட்டியது. கேட்டதுமே பயமாயிருக்கும் அந்தத் தட்டல் சத்தத்தைக் கிசுகிசுப்பாகக் குறைத்தது. ஒவ்வொன்றையும் கேட்கும்போது, இது தனத்துக்காகவே கண்டுபிடித்தது என்று தோன்றும். அகலமான வாய் தனத்துக்கு. சத்தமில்லாதது தனத்துக்கு. கால் மணியில் முடிவது தனத்துக்கு. எல்லாம் இருக்கிறது, என் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. ஊர் ஆஸ்பத்திரியில் நிற்கும் யந்திரத்தின் வகையையும் எண்ணையும் முருகேசு ஒரு துண்டில் எழுதிவந்து படமெடுத்து அனுப்பினான். ஃபிராவ் லிண்ட்னர் பார்த்தார். "நல்ல யந்திரம். பழையது. நம்முடைய எதுவும் அதில் பொருந்தாது" என்றார்.

பொருந்தாது என்று அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. சோதனையில் தோற்ற சுருள்களைப் போட ஒரு பெரிய பெட்டி உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடியும் நேரத்தில், அதிலிருந்து முதுகுக் கம்பளி ஒன்றை எடுத்து மடித்து, சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே பையில் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு வளையம்தான் அதில் சரியில்லை. மற்றதெல்லாம் நான் பற்றவைத்தவை, நல்லவை. ஊருக்கு அனுப்பினால் யாராவது கெட்டிக்காரன் வயரை வெட்டிப் பொருத்திவிடுவான், பதுளையில் ரேடியோ திருத்துகிறவன்கூடச் செய்வான் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஃபிராவ் லிண்ட்னர் நின்றார். அவர் எதுவும் கேட்காமலே நான் பையைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. ஓரக்கல்லில் உட்கார்ந்து கம்பளியை மடியில் விரித்தார். "யந்திரம் அலை அனுப்பும் நேரத்தில் சுருள் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். அணையாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"சூடாகும்."

"சூடாகி?"

"தோல் எரியும்."

"அதைத் தடுக்கும் பாகத்தைப் பற்றவைப்பது யார்?"

நான்தான். ஏழு வருடமாக நான்தான். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும் என் தங்கையின் முதுகில் அதைப் போர்த்த இருந்தேன். அந்த ஓரக்கல்லில் உட்கார்ந்து நான் அழுத அழுகை, அம்மாவின் சாவுக்குக்கூட அழாதது.

அவர் கம்பளியை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. எழும்பப் போனவர் திரும்பவும் உட்கார்ந்து, "உன் தங்கை எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். நான் என் தோளைக் காட்டினேன். "படமெடுப்பது இடுப்பையா? ஏன் தலையை முதலில் விடுகிறார்கள்? காலை முதலில் விடச் சொல். இடுப்பு நடுவுக்கு வந்து நிற்கும்போது, அந்த உயரத்துக்குத் தலை வாய்க்குக் கிட்டத்தானே வரும்." பிறகு திங்கட்கிழமை ஒரு பிளாஸ்டிக் கண்ணாடிச் சட்டம் கொண்டுவந்தார். இரண்டு சிறு முகக்கண்ணாடிகளைச் சாய்வாகப் பொருத்தியது. மல்லாந்து படுத்தபடியே வெளியைப் பார்ப்பதற்காக யாரோ எப்போதோ கண்டுபிடித்தது. தலைக்குப் பின்பக்கம் தெரியும்படி அதன் சாய்வைத் தன் கையாலேயே மாற்றி ஒட்டியிருந்தார். இரும்பு ஒரு துளியும் இல்லை என்று காந்த அறைக்குள் தானே மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாராம். "எல்லாக் கண்டுபிடிப்பிலும் இதுதான் மலிவு" என்றார். என் கணவரின் சொந்தக்காரர் ஒருவர் அந்தக் கிழமை கொழும்புக்குப் பறந்தார். அவர் கையில் அந்தச் சட்டத்தைக் கொடுத்துவிட்டோம்.

இன்னொன்றும் செய்தோம். உப்புத்தண்ணீர் போத்தலை உள்ளே வைத்து, இடுப்புப் படத்துக்கு உரிய ஓட்டங்களை அதே வரிசையில் ஓட்டி, அந்தச் சத்தத்தை அரை மணி நேரம் பதிவுசெய்து தந்தார். முருகேசு வீட்டில் இரண்டு முக்காலிக்கு மேல் பலகை போட்டு, தனத்தைக் கால்பக்கமாக அதன் கீழே படுக்கவைத்தான். வாசற்கதவு திறந்திருந்தது. சனி, ஞாயிறு காலைகளில் நான் வீடியோவில் இருப்பேன், அங்கே மத்தியானம். முதல் நாள் சத்தத்தைப் போட்டதும் அவள் பலகையை உதைத்துத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஊர்ந்து போனாள்.

"அக்கா, இது அலவாங்கு சத்தம்" என்றாள். மண்ணைக் குத்தித் தோண்டும் கடப்பாரையைச் சொல்கிறாள். "எனக்கு மேல நின்னு குத்துறாங்க. நான் கத்துறேன். ஒருத்தருக்கும் கேக்கல."

பதினாறு வருடத்தில் அந்தப் பொந்தைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நான், "கேக்காட்டியும் அவங்க விடலல்ல தனம்? தோண்டிக்கிட்டே தான இருந்தாங்க?" என்றேன்.

அவள் வாசற்படியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "சத்தம் கேக்குற வரைக்கும் தைரியமாத்தான்க்கா இருந்துச்சு. இடையில நிறுத்துனாங்க. மழ கூடிருச்சோ என்னவோ. ஒரு சத்தமும் இல்ல. விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். அதுதாங்க்கா எனக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யந்திரமும் அப்படித்தான். ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் படுத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. சத்தத்துக்கு நாங்கள் பழக்கிக்கொண்டிருந்தோம், அவளைக் கொன்றது மௌனம். அடுத்த நாளிலிருந்து பதிவில் சத்தம் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் முருகேசு குனிந்து அவள் நெற்றியில் கை வைத்து, "இருக்கேன் தனம்" என்று சொல்லப் பழகினான். மூன்று நிமிடம் இருந்தாள், ஏழு, பன்னிரண்டு. கண்ணாடியை மாட்டியதும் இருபது. வலது கால் இதற்குள் கணுக்காலுக்குக் கீழே செத்துவிட்டது. பலகைக்குள் அந்தக் காலை முருகேசுதான் தூக்கி வைத்தான்.

மூன்றாம் முறைக்குப் படமெடுப்பவர் ஒரு சிங்களப் பெண். முருகேசு தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், மலை, அம்மா, அலவாங்கு உட்பட. அவர் கண்ணாடியைக் கையில் வாங்கி அங்குமிங்கும் திருப்பிப் பார்த்து, காந்தத்தில் வைத்துச் சோதித்து, சரி என்றிருக்கிறார். காலை முதலில் விடச் சம்மதித்தார். முருகேசுவின் அரைஞாண் கொடியில் இருந்த தாயத்தை வெட்டி எடுத்துவிட்டு, அவனைத் தலைமாட்டில் நிற்க விட்டார். நேரம் அங்கே பகல் ஒரு மணி, எனக்குக் காலை எட்டரை. என் கைபேசி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. நான் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்திருந்தேன். அன்று இரண்டு வளையங்களைக் கருக்கினேன். ஒன்பதரை இடைவேளைக்கு மணி அடித்ததும் ஓடிப்போய்த் திறந்தேன். முருகேசுவின் குரல் செய்தி ஒன்று வந்திருந்தது. "அக்கா, எடுத்தாச்சு. முழுசா எடுத்தாச்சு." பின்னால் யாரோ வாந்தி எடுக்கும் சத்தம். தனம்தான். கேட்டுக்கொண்டே நான் அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். இடுப்பெலும்புக்கு மேலே, நரம்புறையில் வளர்ந்த, புற்றில்லாத சாதுவான கட்டி. கொழும்பில் அறுவை செய்து எடுத்தார்கள். வலி போனது. சிறுநீர்க் கட்டுப்பாடு ஏறக்குறையத் திரும்பியது. கால் திரும்பவில்லை. முதல் தடவையே படம் கிடைத்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார். மலைச்சரிவில் நிற்க முடியாதவள் கொழுந்தெடுக்க முடியாது. இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அறுவைக்கு நான் போகவில்லை. லீவு தரவில்லை என்று சொன்னேன். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். கேட்கவில்லை. அந்தக் கால் தரையில் இழுபடுவதை நேரில் பார்க்க எனக்குத் திராணி இல்லை. இதை ஊரில் வாசிக்கிறவர்களுக்கும், என்னைப் போல் வெளியே இருந்துகொண்டு தொலைபேசியில் தைரியம் சொல்கிறவர்களுக்கும் எழுதுகிறேன். நாம் சொல்லும் பொய்களில் லீவு கிடைக்கவில்லை என்பதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

சில மாதங்களுக்குப் பிறகு தனம் கேட்டாள்: "நீ செய்யிற அந்தக் கம்பளி இருந்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்லக்கா?"

"ஆமா."

"எப்ப அது இங்கிட்டு வரும்?"

"தெரியல தனம்."

"வரும்போது சொல்லு. வேற யாருக்காச்சும் ஆகும்" என்றாள். அதோடு கொத்துமல்லி விலைக்குப் பேச்சைத் திருப்பிவிட்டாள்.

போன மாதம் புது முதுகுக் கம்பளி ஒன்று சோதனைக்கு வந்தது. போத்தல் போதாது, மனித முதுகு வேண்டும், யாராவது வருகிறீர்களா என்று கேட்டார்கள். நான் கை தூக்கினேன். ஏழு வருடத்தில் முதல் தடவையாகக் குழாய்க்குள் போனேன். அகலமான வாய், மெல்லிய சத்தம், உள்ளே வெளிச்சம், முகத்தில் காற்று. ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. நான் பயப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து கட்டுப்பாட்டறையில் என் முதுகெலும்பைத் திரையில் பார்த்தேன். ஒவ்வொரு நரம்பும் தலைமுடி போல் பிரிந்து தெரிந்தது. ஃபிராவ் லிண்ட்னர் திடீரென்று, தங்கையின் படம் இருக்கிறதா என்று கேட்டார். முருகேசு அனுப்பியிருந்த படத்தை அவருக்கு அனுப்பினேன், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த ஃபிலிமின் புகைப்படம். அவர் அதன் ஓரங்களை வெட்டி, என்னுடையதற்குப் பக்கத்தில் ஒரே அளவில் வைத்தார். இரண்டும் ஒரே வளைவு. இரண்டிலும் கடைசி முள்ளெலும்பு கீழெலும்போடு ஒட்டிப் பிறந்திருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ, அவரை யாரும் படமெடுக்கவில்லை. ஒன்று கண்ணாடி போல் தெளிவு. மற்றது மழைக்குள் பார்ப்பது போல் புள்ளி புள்ளியாக, நடுவில் ஒரு வெள்ளை முட்டையோடு.

அப்போது சோதனைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த இளம் டொக்டர் ஒருவர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்துவிட்டு என்னிடம், "இதில் எது நீங்கள்?" என்று கேட்டார். நான் யோசிக்கவில்லை. என் விரல் புள்ளி புள்ளியான படத்தின் மேல் போய் நின்றது. அவர் அன்பாகச் சிரித்து, "இல்லை, இல்லை, நீங்கள் இதோ, இந்தப் பக்கம்" என்று மூலையில் எழுதியிருந்த என் பெயரைக் காட்டினார். எனக்கு இன்னும் மொழி சரியாக வரவில்லை என்று நினைத்திருப்பார். கேள்வி எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. நான் தலையாட்டினேன். விரலை மட்டும் எடுக்கவில்லை.